பிரயாப்சிஸ் பாசிக்கு ஃப்ளூகோனசோல்: பாட்டிலா, மெடிக்கல் ஷாப் மாத்திரையா?

கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் பாசி மருந்துகளில் பல, எல்லாப் பாசியையும் ஒழிப்பதாகச் சொல்லிக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாது. அந்தக் கூட்டத்தில் ஃப்ளூகோனசோல் தனி. என்ன பொருள், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், எந்தப் பாசியைக் கொல்லும், எதைத் தொடாது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். அமெரிக்காவில் ப்ளூ லைஃப் நிறுவனம் இதை ‘ஃப்ளக்ஸ் ஆர்எக்ஸ்’ என்ற பெயரில் தூளாக விற்கிறது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் 150 மி.கி. மாத்திரையிலும் இருப்பது இதே பொருள்தான். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொட்டியில் இருப்பது பிரயாப்சிஸ் என்ற இறகு வடிவப் பச்சைப் பாசிதான் என்று உறுதியானால், இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நீளமான பச்சை முடிப்பாசி என்றால் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சிவப்புச் சளி, பழுப்புச் சளி, குமிழ்ப்பாசி இவற்றுக்காக வாங்கினால் காசுக்குத் தண்டம்.

இந்த வித்தியாசம் எதனால்? பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் வேண்டும். ஃப்ளூகோனசோல் அதன் உற்பத்தியைத் தடுக்கிறது. பச்சைப் பாசிகள் பலவற்றின் சவ்விலும் இந்த வகை ஸ்டெரால்கள் இருப்பதால் அவையும் அடிபடுகின்றன என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சிவப்புச் சளியாகப் படரும் சயனோ உண்மையில் பாக்டீரியா. அதற்கு இந்த மருந்தால் ஒன்றும் ஆகாது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாவும் இதே காரணத்தால் தப்பித்துவிடுகிறது. பாறையில் ஊதா நிறத்தில் படியும் கோரலைன் சிவப்புப் பாசி இனம். அதற்கும் பாதிப்பு இல்லை. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் பாசியை மருந்து எரிப்பதில்லை, புதிதாகச் சவ்வு கட்ட விடாமல் பட்டினி போடுகிறது. முதல் வாரத்தில் பார்வைக்கு மாற்றம் தெரியாமல் இருப்பது அதனால்தான். நாலாம் நாளே ‘வேலை செய்யவில்லை’ என்று இன்னொரு டோஸ் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் அடையாளம்

மருந்து பலிக்கவில்லை என்று வரும் புகார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடையாளத்தைத்தான். ஒரு கொத்தைப் பிடுங்கி, வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரோடு போட்டுப் பாருங்கள். பிரயாப்சிஸ் என்றால் நடுவில் ஒரு தண்டும், இருபுறமும் சீப்புப் பல் போல வரிசையாகக் கிளைகளும் தெரியும். நுனிக்குப் போகப் போகக் கிளைகள் குட்டையாகி, மொத்தமும் ஒரு சிறு இறகு வடிவத்துக்கு வரும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் இந்த வடிவம் நசுங்கிவிடும், அதனால் தண்ணீருக்குள் வைத்தே பார்க்க வேண்டும். கைபேசிக் கேமராவுக்கு மேல் ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி பிடித்தாலே போதும். முடிப்பாசியில் இந்த இறகு அமைப்பு இருக்காது, வெறும் இழைதான்.

பிடுங்கும்போதே ஒரு துப்புக் கிடைக்கும். முடிப்பாசி கையோடு பிய்ந்து வரும். பிரயாப்சிஸ் பாறைத் துளைக்குள் வேர் போன்ற இழைகளை விட்டுப் பிடித்திருக்கும். மேலே பிய்த்தாலும் அடி அப்படியே நிற்கும். அதனால்தான் வாராவாரம் பிரஷ் போட்டுத் தேய்த்தும் அது தீருவதில்லை. தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் பறக்கும் துணுக்குகள் வேவ்மேக்கர் (நீரோட்டம் தரும் பம்ப்) கூண்டிலும் ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்து இறங்கும் வாய்) பல்லிலும் போய் ஒட்டி, அங்கே புதிதாக முளைக்கும்.

பழுப்பாக, குமிழ் தொங்கும் சளியாக இருந்தால் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) என்று சந்தேகப்படுங்கள். கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழை இழையாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டியில் டைனோ தலைதூக்குவது சகஜம். அங்கே பச்சைப் பாசியைக் கொல்லும் மருந்து போடுவது நிலைமையை இன்னும் கெடுக்கும். டைனோவோடு இடத்துக்குப் போட்டி போடும் பாசியை நாமே அகற்றிவிடுகிறோம்.

ஒன்றிரண்டு பாறையில் மட்டும் பாசி இருந்தால் மருந்தே வேண்டாம். இந்தியாவில் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், இங்கே வீட்டுத் தொட்டிகளில் இருக்க வேண்டியது செராமிக், சிமென்ட் கலந்து செய்த செயற்கைப் பாறைதான். (பவளக் கல்லை ‘லைவ் ராக்’ என்று சொல்லி விற்க வந்தால் வாங்காதீர்கள்.) செயற்கைப் பாறையைத் தனியாக வெளியே எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, உப்புத் தண்ணீரில் அலசி வைத்தால் முடிந்தது. நம் கடைகளில் கிடைக்கும் பெராக்சைடு பெரும்பாலும் 6%; ஒரு பங்குக்கு ஒரு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்தால் 3% ஆகும். கையுறை கட்டாயம்.

கணக்கு

ஃப்ளக்ஸ் ஆர்எக்ஸ் 2,000 மி.கி. பாட்டில் 100 அமெரிக்க கேலனுக்கு. அதாவது கேலனுக்கு 20 மி.கி.; நம் கணக்கில் லிட்டருக்கு சுமார் 5.3 மி.கி. பொழுதுபோக்குக்காரர்கள் மாத்திரைக்கும் இதே அளவைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

லிட்டர் கணக்கில்தான் தப்பு நடக்கும். 90 × 45 × 45 செ.மீ. உள்ளளவுள்ள தொட்டியின் முழுக் கொள்ளளவு 182 லிட்டர். தண்ணீர் விளிம்பிலிருந்து 4 செ.மீ. கீழே நின்றால் 166 லிட்டர். 15 கிலோ பாறையும் 20 கிலோ மணலும் சேர்ந்து ஏறக்குறைய 16 லிட்டர் இடத்தைப் பிடிக்கும் என்று வைத்தால் மிச்சம் 150. சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) 50 லிட்டர் ஓடினால் மொத்தம் 200 லிட்டர். 200 × 5.3 = 1,060 மி.கி. ஏழு மாத்திரை 1,050 மி.கி.; அது போதும். சம்ப்பை மறந்துவிட்டால் கால் பங்கு குறைந்துபோகும். குறைந்த டோஸில் பிரயாப்சிஸ் வெளிறும், சாகாது. மருந்தை எடுத்ததும் அதே இடத்தில் மறுபடி பச்சை பிடிக்கும். சம்ப்பின் கொள்ளளவைப் பம்ப் ஓடும்போது உள்ள மட்டத்தை வைத்துத்தான் போட வேண்டும். பம்ப் நின்றபின் உயரும் மட்டத்தை வைத்துப் போட்டால், குழாயிலும் தொட்டியிலும் இருந்து இறங்கிய தண்ணீரை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

பாட்டிலும் மாத்திரையும்

பாட்டிலின் பலம் அதன் சுத்தம். வேறு சரக்கு சேராத தூள் என்பதால் தண்ணீர் கலங்குவது குறைவு. கூடவே வரும் குறிப்பில், ஃபில்டரில் போட்டிருக்கும் கார்பனை எடுக்கச் சொல்லியிருக்கும். பலவீனம், இந்தியாவில் கிடைப்பது. இறக்குமதிச் சரக்கு கையில் வந்து சேர்வதற்குள் பாசி இன்னொரு பாறைக்குத் தாவியிருக்கும். விலையும் மாத்திரையின் விலையோடு ஒப்பிட முடியாத தூரத்தில் நிற்கும்.

மாத்திரை உடனே கிடைக்கும், மலிவு. ஆனால் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும். ஃப்ளூகோனசோலோடு அசித்ரோமைசினும் செக்னிடசோலும் ஒரே அட்டையில் வைத்து ‘கிட்’ ஆக விற்பது நம் ஊரில் சாதாரணம். அதை அப்படியே பொடித்துப் போட்டால் ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, இரண்டொரு நாளில் அம்மோனியா ஏறலாம். தண்ணீரில் உடனே கரையும் வகை என்று தனியாக வருவதில் இனிப்பும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், அதுவும் வேண்டாம். கிளோட்ரிமசோல், கீட்டோகோனசோல் எல்லாம் பெயரளவில் உறவு, தொட்டிக்கு ஆகாது. ‘ஃப்ளூகோனசோல் 150 மி.கி.’ என்று மட்டும் போட்ட அட்டை வேண்டும். இது மருந்துச் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்பட ஒன்றும் இல்லை. மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

மாத்திரையில் மருந்தைத் தவிர ஸ்டார்ச், செல்லுலோஸ், லாக்டோஸ், சில பிராண்டுகளில் நிறமும் இருக்கும். போட்ட அன்று தண்ணீர் லேசாக மங்கும், மறுநாள் தெளியும். 200 லிட்டருக்கு ஏழு மாத்திரை என்ற அளவில் இது பெரிய விஷயம் இல்லை. 30 லிட்டர் நானோ தொட்டியில் ஒரே மாத்திரைதான். அங்கும் சிக்கல் இல்லை. ஆயிரம் லிட்டரைத் தாண்டினால் முப்பத்தைந்து மாத்திரைச் சரக்கு உள்ளே போகிறது. அந்த அளவில் தூள்தான் நல்லது, எவ்வளவு அலைந்தாலும்.

போடும் விதம்

மருந்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே கையால் பிடுங்க முடிந்ததையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். ஒரு கையில் ஏர் டியூபை சைஃபனாகப் பிடித்து, மறு கையால் பிய்த்தபடியே உறிஞ்சி, சம்ப்பில் ஃபில்டர் சாக்கில் விட்டால் துணுக்கு பரவாது, தண்ணீரும் வீணாகாது. எவ்வளவு பாசியை வெளியே எடுக்கிறோமோ அவ்வளவு குறைவாகத்தான் பின்னால் தொட்டிக்குள் அழுகும். இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனத்தால் விடுவதுதான் பல தொட்டிகளில் மருந்துக்குப் பின் வரும் கஷ்டங்களுக்கு மூலம்.

கார்பனையும் பாஸ்பேட் உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ.வையும் எடுத்துவிட வேண்டும். கார்பன் சம்ப் மூலையில் ஒரு பழைய பையில் மறந்து கிடந்தாலும் மருந்தை இழுத்துக்கொள்ளும். யு.வி. விளக்கை அணையுங்கள். ஸ்கிம்மரை (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) நிறுத்தச் சொல்வார்கள்; நிறுத்துவதைவிட, கப்பைக் கழற்றி நுரை சம்ப்பிலேயே விழும்படி ஓடவிடுவது நல்லது. காரணம் ஆக்சிஜன். 25 டிகிரியில் கடல்நீர் சுமார் 6.7 மி.கி. ஆக்சிஜனைத்தான் ஒரு லிட்டரில் வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் 6.2. சில்லர் இல்லாத சென்னை வீட்டுத் தொட்டி மே மாதத்தில் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாசி அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்னும். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜன் கொடுக்காது. விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றால் அதற்கு மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஏர் ஸ்டோன் ஒன்றைச் சிகிச்சை நடக்கும் பதினான்கு நாளும் ஓடவிடுங்கள். வேவ்மேக்கர் ஒன்றை மேற்பரப்பைப் பார்த்துத் திருப்பி, தண்ணீர் நெளியும்படி வையுங்கள்.

மாத்திரையை நன்றாகப் பொடியுங்கள். ஃப்ளூகோனசோல் தண்ணீரில் லேசில் கரையாது. அரை டம்ளரில் கலக்கி ஊற்றினால் பாதி அடியிலேயே தங்கிவிடும். இரண்டு லிட்டர் தொட்டித் தண்ணீரில் போட்டு, கால் மணி நேரம் கலக்கி, அடியில் நிற்கும் வண்டலோடு சேர்த்து, சம்ப்பில் ரிட்டர்ன் பம்ப் (தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது) இருக்கும் தடுப்பில் ஊற்ற வேண்டும். அன்று ஃபில்டர் சாக்கைக் கழற்றி வையுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் பொடிக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும்.

விளக்கை அணைத்துத் தொட்டியை இருட்டாக்க வேண்டியதில்லை. வழக்கமான எட்டு மணி நேரமே ஓடட்டும். பாசி வளர முயன்றால்தான் மருந்து அதன் வழியை அடைக்கும்.

பிறகு காத்திருப்பு. முதல் நான்கைந்து நாள் ஒன்றும் தெரியாது. அதன் பின் கரும்பச்சை மங்கி, நுனி வெளிறும். பத்தாம் நாளை ஒட்டி இறகுகள் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் நிறத்துக்கு வந்து, ஓட்டத்தில் தானாகப் பிய்ந்து போகும். பதினான்கு நாள் வரை தண்ணீர் மாற்றக் கூடாது. ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றலாம், அதில் மருந்து குறையாது. பதினான்காம் நாள் அடி இன்னும் பச்சையாக இருந்தால் இன்னொரு வாரம் விடலாம். கூடுதல் டோஸ் தேவைப்படாது.

தண்ணீரில் உள்ள சத்தை உறிஞ்சுவதற்காகச் சம்ப்பில் கீட்டோ என்ற பாசியை வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம். அதுவும் பச்சைப் பாசிதான். சில தொட்டிகளில் தப்பிக்கிறது, சிலவற்றில் வெளுத்துக் கரைகிறது. தனி வாளியில் எடுத்து வைத்தால் அதனோடு சிக்கிய பிரயாப்சிஸ் துணுக்கும் பத்திரமாகப் பிழைத்து, திரும்ப வரும்போது கூடவே வரும். கீட்டோவை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, சிகிச்சை முடிந்தபின் சுத்தமான இடத்திலிருந்து ஒரு கைப்பிடி வாங்கி வைப்பதுதான் சரி.

முடிந்த பிறகு

இங்கேதான் மருந்தின் வேலை முடிந்து உங்கள் வேலை தொடங்குகிறது. செத்த பாசி பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் தண்ணீருக்குத் திரும்பி வரும். பாறை முழுக்க வெறுமையாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அடுத்து வருவது சயனோ. 25% தண்ணீரை மாற்றுங்கள், கார்பனைத் திரும்ப வையுங்கள், ஸ்கிம்மர் கப்பை மாட்டுங்கள். ஜி.எஃப்.ஓ.வை மட்டும் பாஸ்பேட்டை அளந்து பார்த்த பிறகே போட வேண்டும், அதுவும் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி. ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு இறக்கினால் முன்னே சொன்ன டைனோ காத்திருக்கிறது. பாஸ்பேட் 0.03 முதல் 0.10 பி.பி.எம். (ஏறக்குறைய லிட்டருக்கு மி.கி.), நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். என்று நிறுத்திக்கொண்டால் போதும்.

அளப்பதற்கு நிறம் ஒப்பிடும் சோதனைக் கிட் உதவாது. 0.03-க்கும் 0.10-க்கும் உள்ள நீல நிற வித்தியாசத்தை வீட்டு வெளிச்சத்தில் கண்ணால் பிரிக்க முடியாது. ஹன்னாவின் எச்.ஐ.774 செக்கர் 0.00 முதல் 0.90 பி.பி.எம். வரை எண்ணாகவே காட்டும். துல்லியம் ± 0.02 பி.பி.எம்., அதோடு அளவீட்டில் 5%. அதனால் 0.02 என்று காட்டினால் அதைப் பூஜ்யமாகவும் எடுத்துக்கொள்ளலாம், 0.04 ஆகவும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு அளவீட்டை நம்பி மருந்து வாங்க ஓடாதீர்கள். குப்பியில் கைரேகை பட்டாலோ, பொடியைக் குலுக்கியபின் குமிழ் ஒட்டியிருந்தாலோ எண் தாறுமாறாக ஏறும். ஒரே குப்பியை, ஒரே பக்கம் முன்னே பார்த்தபடி, பூஜ்ய அளவீட்டுக்கும் சோதனைக்கும் வைத்தால் பாதிப் பிழை போய்விடும். பாசி அடர்ந்திருக்கும்போது மீட்டர் 0.00 காட்டினால் பாஸ்பேட் இல்லை என்று அர்த்தமில்லை. வருவதையெல்லாம் பாசி அங்கேயே தின்றுகொண்டிருக்கிறது.

வருவது எங்கிருந்து? முக்கால்வாசி தீனியிலிருந்து. மீன் தீவனத்தில் பாஸ்பரஸ் சுமார் 1% இருக்கும். ஒரு கிராம் பெல்லட்டில் 10 மி.கி. பாஸ்பரஸ், அதாவது 30 மி.கி. பாஸ்பேட். 200 லிட்டரில் அது 0.15 பி.பி.எம். தினமும் ஒரு கிராம் போட்டால் தினமும் அவ்வளவு உள்ளே வருகிறது. வெளியேற்ற வழி இல்லாவிட்டால் எந்த மருந்தும் நிரந்தரமாக நிற்காது. உறைந்த தீனியை அலசிப் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அலசலாம், ஆனால் பாஸ்பேட்டின் பெரும்பங்கு கழுவும் தண்ணீரில் போவதில்லை, இறாலின் உடம்பிலேயே இருக்கிறது. அளவைக் குறைப்பதுதான் பலன் தரும்.

அடுத்தது தண்ணீர். சமையலறை ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காக டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வைத்து, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கிறார்கள். குடிக்க அது சரி. உப்புக் கலக்கும் தண்ணீருக்கு ஆகாது. மெம்பரேனிலிருந்து நேராக ஒரு T வடிவ இணைப்பு போட்டு, அதன் பின் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குப்பி வைத்து, டி.டி.எஸ். 0 வந்த பிறகு உப்பைக் கலக்க வேண்டும். ஆயிரம் டி.டி.எஸ். போர் தண்ணீர் வரும் இடத்தில் ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ பிடித்து ஆர்.ஓ.வுக்குக் கொடுப்பது மலிவு.

இதற்கு மாற்றாக மக்னீசியத்தை 1,600 பி.பி.எம்.முக்கு மேல் ஏற்றும் பழைய முறை ஒன்று உண்டு. கென்ட் மரைனின் ‘டெக் எம்’ கொண்டு செய்வார்கள். சில தொட்டிகளில் பிரயாப்சிஸ் ஒழிந்திருக்கிறது. சாதாரண அளவு 1,300 பக்கம் என்பதால் நத்தைகள் சோர்ந்து கவிழ்ந்துபோகும் அபாயமும், பாட்டில் பாட்டிலாக வாங்கும் செலவும் சேர்கின்றன. ஃப்ளூகோனசோல் கையில் கிடைக்கிறபோது அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

எங்கள் மதிப்பீடு: பிரயாப்சிஸுக்கு ஐந்துக்கு நாலரை, முடிப்பாசிக்கு இரண்டரை, மற்றதற்குப் பூஜ்யம். 500 லிட்டருக்குள் மாத்திரை, ஆயிரத்துக்கு மேல் தூள், இடையில் உள்ளவர்கள் தண்ணீர் மங்குவதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்து முடிவு செய்யலாம். மாற்றிய தண்ணீரைக் கடலிலோ ஏரியிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றாமல் கழிவுநீர்க் குழாயிலேயே விடுங்கள். பூஞ்சை மருந்து வெளியே பரவினால் அதை எதிர்த்து நிற்கும் பூஞ்சை உருவாகலாம்.

சிகிச்சை முடிந்து பாசி தின்னும் நத்தை, கடல் முள்ளெலி எதையாவது புதிதாக வாங்கி வருபவர்கள் ஓட்டைப் பார்த்து வாங்க வேண்டும். நத்தை ஓட்டின் சுருள் பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர் பிரயாப்சிஸ் இருந்தால் கடையில் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். தனி வாளியில் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஓட்டை மட்டும் தேய்த்து, உப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, வாளித் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்காமல் கொட்டிவிட்டு உள்ளே விடுங்கள்.